கண்ணாடியின் எந்தப் பக்கம்

"மாமா, கண்ணாடியத் தலைகீழா மாட்டிட்டீங்களா?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

"கண்ணாடிக்கு ஏதுடி தலையும் காலும்?" என்றார் அக்காள் கணவர் ராஜாங்கம். "காமிராவுல பாத்தா பளிச்சுன்னுதான் இருக்கு. கழுவின படந்தான் மங்கிப் போவுது."

"அப்ப திருப்பிப் போடுங்க."

"திருப்பிட்டேன். மறுபடியும் திருப்பிட்டேன். இப்ப எது மொதல்ல இருந்த பக்கம்னே தெரியல."

மில் வேலை போனபின் நெல்லித்தோப்பில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவர் அவர். காமிராவுக்குள் பிம்பம் விழும் கண்ணாடி கீறிவிட, புதியதைத் தாமே பொருத்தியதில் வந்த வினை இது. விடிந்தால் வீராம்பட்டினத்தில் முகூர்த்தம். இந்தப் படங்களும் மங்கினால் இனி யாரும் அழைக்க மாட்டார்கள்.

கண்ணாடியை நம்பாமல், ஆள் நிற்கும் தூரத்துக்கு ஏற்பத் திருகி வைக்க லென்ஸ் வளையத்தில் பொறித்திருந்த அடிக்கணக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு, நாலு பேர் முன் நிமிர்ந்தே பாராத கொழுந்தியாளிடம் சொன்னார்: "தையல் டேப்ப எடுத்துக்கிட்டு நீயும் வாடி. மாப்ள மூக்குலேர்ந்து காமிரா வரைக்கும் எத்தன அடின்னு அளந்து சொல்லு."