பதினேழாவது வரியில் ஒரு டிக்

ஜூன் மாதம் பிறந்தால் என் போன் எனக்குச் சொந்தமில்லை. புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிடும் வேலையும் என் தலையில்தான். உத்தரவில் அதற்கு ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்று கௌரவமான பெயர் போட்டிருக்கும். விண்ணப்பம் போடுவது, சான்றிதழை ஸ்கேன் செய்வது, குடியிருப்புச் சான்று தராமல் இழுத்தடிக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது, பிள்ளைக்கு மார்க் குறைந்ததற்குப் பெற்றோரிடம் பேச்சு வாங்குவது, எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம்.

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை இந்த வேலையில் மாட்டியவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. “சர்வர் வேலை செய்யுதா?” என்று ஒருவர் கேட்பார். “இங்க சுத்துது” என்று பத்துப் பேர் பதில் போடுவோம். அந்தக் குழுவில் யார் ஆரம்பித்தார் என்று தெரியாத ஒரு பழக்கமும் இருந்தது. விண்ணப்பத்தில் பிள்ளையின் கைப்பேசி எண்ணைக் கேட்கும் இடத்தில் எங்கள் எண்ணையே போட்டுவிடுவோம்.

காரணம் இல்லாமல் இல்லை. அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் அவர் வயலில் இருப்பார், போன் வரப்பில் கழற்றிப்போட்ட சட்டைப் பையில் இருக்கும். அம்மாவின் எண்ணில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். நம் எண் என்றால் சட்டென்று வேலை முடியும். இதை உதவி என்றுதான் நினைத்தோம். ‘நான் இல்லாவிட்டால் இதுகள் என்ன பண்ணும்’ என்ற மிதப்பும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

அந்த வருடம் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு என் எண். வரும் செய்திகளில் பெயர் இருக்காது, விண்ணப்ப எண் மட்டும்தான். அதனால் ஒரு நீள நோட்டில் பெயர்களை வரிசையாக எழுதி எதிரே விண்ணப்ப எண்ணைக் குறித்திருந்தேன். யாருக்காவது சீட் ஒதுக்கீடானால், நான் இணையதளத்தில் புகுந்து ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தி, நோட்டில் அந்த வரியில் டிக் போடுவேன்.

பதினேழாவது வரி ஏம்பலம் கிராமத்துப் பெண்ணுடையது. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவரின் மகள். அவளுக்கு நர்ஸிங் தவிர வேறெதுவும் வேண்டாம். அவள் அப்பாவுக்கு ஹாஸ்டல் கூடாது. “காலைல பஸ் ஏறுனா சாயந்தரம் வூட்டுக்கு வந்துடணும் டீச்சர். பொண்ண வெளியூர்ல வுட மாட்டேன்” என்று என் மேஜைக்கு முன்னால் நின்றே சொல்லிவிட்டார். ஆகவே அவள் விருப்பப் பட்டியலில் ஒரே ஒரு கல்லூரி, புதுச்சேரி நகரத்தில் இருக்கும் அரசு நர்ஸிங் கல்லூரி.

முதல் சுற்றிலேயே அவளுக்கு அது கிடைத்தது. அன்று எனக்குத் துணைத்தேர்வு மேற்பார்வை, போன் அணைந்து பீரோவில் கிடந்தது. மதியம் எடுத்துப் பார்த்தால் செய்திகள் குவிந்திருந்தன. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றேன், ஒவ்வொன்றாக டிக் போட்டேன். பதினாறாவது வரியில் இருந்த பையனின் சீட்டை ஏற்றுவிட்டு டிக்கைப் பதினேழில் போட்டிருக்கிறேன். நோட்டைப் பார்த்தால் அவள் வேலை முடிந்துவிட்டது. பையனின் வரி காலியாக இருந்ததால் அடுத்த நாள் அவனுக்காக மறுபடி போய்ப் பார்த்தேன், ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்தது. ‘சரி, டிக் போட மறந்திருக்கிறோம்’ என்று அவனுக்கும் ஒன்று போட்டேன். அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்லூரியில் சேர வேண்டிய நாள் காலையில் ஒதுக்கீட்டு ஆணையை அச்செடுத்துப் போக அவள் வந்தாள். சான்றிதழ்களை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவள் கணக்கைத் திறந்தேன். ‘குறித்த காலத்தில் ஏற்கப்படவில்லை. இருக்கை ரத்து.’ சிவப்பு எழுத்து.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். “சிஸ்டம் க்ளோஸ் ஆயிடுச்சி மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். மறுபடி போட்டேன், கத்தினேன், கெஞ்சினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு நோட்டைத் திருப்பி அவளிடம் காட்டினேன். “தப்பு என்னோடதுதான்மா. உன் வரியில டிக் போட்டேன், உன் சீட்ட ஏத்துக்கல” என்றேன். அவள் அந்த வரியைப் பார்த்தாள்.

“பரவால்ல மிஸ். நீங்க எம்மாம் பேருக்குத்தான் பாப்பீங்க.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் போனதும் சிவப்புப் பேனாவால் அந்த டிக்கின் மேல் கோடு கிழித்தேன். அழுகையைவிட அசதிதான் வந்தது. இருபது வருட அசதி.

நடந்ததை அப்படியே குழுவில் எழுதினேன். பதில்கள் குழுவில் அல்லாமல் எனக்குத் தனித்தனியாக வந்தன. “எனக்கும் போன வருஷம் இப்படி ஆச்சி, வெளிய சொல்லல.” “நான் சர்வர் கோளாறுன்னு சொல்லிட்டேன்.” ஒருவர் கைகூப்பும் படம் மட்டும் அனுப்பினார். எத்தனை பிள்ளைகளிடம் சர்வர் மேல் பழி போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது எங்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாம் சுற்றுக்கு விருப்பத்தைப் புதிதாகப் பதியலாம். அவள் வந்தாள். கையில் பழைய போன் ஒன்று, புது சிம்.

“இந்த வாட்டி என் நம்பரப் போட்டுக்கறேன் மிஸ்.”

கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். புதுச்சேரிக் கல்லூரியை முதலில் போட்டாள். அதன் கீழே, என்னைக் கேட்காமலே, காரைக்காலில் உள்ள நர்ஸிங் கல்லூரியையும் சேர்த்தாள். முடிவு வந்த அன்று என் போனில் மற்றவர்களின் செய்திகள் வந்தபடி இருந்தன. அவளுடையது மட்டும் எனக்கு வராது என்று தெரிந்தும் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் அவளும் அப்பாவும் வந்தார்கள். கிடைத்தது காரைக்கால். அவர் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

“நாலு மணி நேரம் பஸ்ல போவணுமாமே டீச்சர். எனக்கு இன்னா தெரியும்? நீங்க அனுப்புன்னா அனுப்புறேன்.”

பக்கத்திலேயே கிடைத்த சீட்டைத் தொலைத்தவளிடமே வந்து கேட்கிறார். நான் யார் இதைச் சொல்ல என்று தொண்டை வரை வந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்தபடி நின்றாள்.

“அனுப்புங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். அவள் அங்கேயே போனை எடுத்து அழுத்தினாள். திரையை என் முன் நீட்டினாள். பச்சை எழுத்தில் அவள் பெயர் இருந்தது, ‘ஏற்கப்பட்டது’ என்றும் இருந்தது. நோட்டை அவளே எடுத்துப் பதினேழாவது வரியைத் தேடி, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இப்ப போடுங்க மிஸ்.”

அவள் போனை வாங்கி விண்ணப்ப எண்ணை ஓர் இலக்கம் விடாமல் நோட்டோடு ஒப்பிட்டேன். மறுபடியும் ஒருமுறை ஒப்பிட்டேன். அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள். அப்புறம்தான் டிக் போட்டேன்.