மாமரத்தைப் பார்க்க வந்த ஆள்

மார்த்தாண்டத்தில் இரும்புக்கடை நடத்தியவன் நான். ஆணி வாங்க வருகிறவன் எதைச் சுருட்டிக்கொண்டு போவான் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, அந்தப் பார்வை வீட்டு ஆட்கள் பக்கம் திரும்பியது.

என் மேசையிலிருந்த மாத்திரை டப்பா மனைவியின் அலமாரிக்குப் போனது. வேளாவேளைக்கு அவளே எடுத்துத் தருவாள். நான் விழுங்கும்வரை வாயையே பார்ப்பாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். கேட்டால், "துருப்பிடிச்சுப் போச்சு" என்கிறாள். யாரிடம் கதை விடுகிறாள்? அது என் கடைச் சரக்கு. மகன் துபாயிலிருந்து கூப்பிட்டால், போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். டாக்டர் எனக்கு நாள் குறித்துவிட்டார், என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்ன நடையையும் விட்டேன். சாகப்போகிறவன் எதற்கு நடக்க வேண்டும்? ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, முற்றத்தைப் பார்த்தபடியே பகலைக் கழித்தேன்.

ஒருநாள் காலை மரம் வெட்டுகிற ஆள் வந்து, முற்றத்து மாமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சிதைக்கு முற்றத்து மாமரத்தைத்தான் வெட்டுவார்கள். என் மூச்சு நிற்கும்வரைகூட இவர்களுக்குப் பொறுக்கவில்லையா?

முற்றத்தில் இறங்கிக் கத்தினேன். "ஏட்டி, நான் இன்னும் சாவல்ல. அதுக்குள்ள வெறகுக்கு ஆளு விட்டாச்சா?"

வந்தவர் சங்கடப்பட்டு வேலிப்பக்கம் ஒதுங்கிக்கொண்டார். மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"மரத்த ஆரு வெட்டுகா? அந்தத் தாழ்ந்த கொம்ப மட்டுந்தான் வெட்டச் சொன்னேன்."

"கொம்பு ஒன்ன என்ன செஞ்சுது?"

"விடிஞ்சா அடைஞ்சா அதையே பாத்துட்டு இருக்கியோ. சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். நான் என்னன்னு நெனைக்க? நெஞ்சு நல்லா இருக்கு, மனசத்தான் பாத்துக்கிடணும்னு டாக்டர் சொன்னாரு" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாத்திரையும் தாழ்ப்பாளும் கொம்பும், நானே என்னை முடித்துக்கொள்வேனோ என்ற பயத்தில்தான் என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் நான் அவளை வேவு பார்த்தேன், அவள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

வேலியோரம் நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வாரும். அந்தக் கொம்ப வெட்டிரும்." பிறகு மனைவியிடம் சொன்னேன், "நீ போய் சேலைய மாத்து. டாக்டர்கிட்ட போவோம்."