தேர் திரும்பும் மூலை

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளை டவுனுக்கு நான் குடிவந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கட்டடப் படம் வரையப் படித்துவிட்டு, டவுனில் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்தொன்பது. தலைக்கனத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

டவுன் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் பஸ் நிலையத்தில் தொடங்கி, மிளகும் ஏலமும் கொக்கோவும் வாங்குகிற கடைகளைத் தாண்டி, குறுக்குத் தெருக்களில் புகுந்து ஒரு சுற்று நடந்தால்தான் ராத்திரி சோறு இறங்கும். கோவில், பள்ளிவாசல், எங்கள் மாதா கோவில் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தெருவில் கொடி கட்டியிருக்கும். நடக்கிற நேரமெல்லாம், எந்தத் தெருவை நேராக்கலாம், எந்தக் கடைக்கு என்ன முகப்பு வைக்கலாம் என்று மனசுக்குள்ளே ஊரையே இடித்துக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு குறுக்குத் தெரு வளைகிற இடத்தில் ஒரு பழைய துணிக்கடை இருந்தது. முதலாளி முஸ்லிம், ஏறத்தாழ என் வயதுதான். தலைமுறை தலைமுறையாக மாத்தளையிலேயே இருக்கிற குடும்பம். நான் தோட்டத்திலிருந்து வந்தவன், காற்சட்டை வேறு போடுகிறவன் என்பதால் என்னை ‘தொரை’ என்று கிண்டலாகக் கூப்பிடுவார். கடையைப் புதிதாகக் கட்டித் தரும் வேலை எங்களிடம் வந்தது. படம் போடுவது என் பொறுப்பு.

அந்தக் கடையின் மூலை சதுரமாக இல்லாமல் சாய்வாக வெட்டிவிட்டது போல இருந்தது. நல்ல இடத்தை யாரோ வீணாக்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மூலையைத் தெருவரை நிமிர்த்தி, கீழே சிமெந்துத் திட்டு, அதன்மேல் அரைச் சுவர், அதற்கும் மேலே சேலைகளை விரித்துக் காட்டக் கண்ணாடிப் பெட்டி என்று வரைந்தேன். அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு கண்ணாடி கிடையாது. படத்தைப் பார்த்த முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அத்திவாரம் வெட்டிய அன்று, கொத்து வேலைக்குத் தலைவரான மேசன் பாஸ்தான் ஒரு வார்த்தை கேட்டார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார்; ‘ஐயா’ என்பதற்கு மட்டும் ‘மாத்தயா’தான் வரும்.

“மாத்தயா, இந்த மூலைய ஏன் வெட்டி வச்சிருக்காங்கன்னு யாருகிட்டயாவது கேட்டீங்களா?”

“கேக்குறதுக்கு என்ன பாஸ் இருக்கு? அந்தக் காலத்து ஆளுகளுக்குக் கணக்குத் தெரியல,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

கடை திறந்தாயிற்று. சாயங்காலமானால் கண்ணாடிக்கு முன்னால் கூட்டம். நானும் அந்தப் பக்கமாகத் தினமும் இரண்டு தடவை நடப்பேன். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்கத்தான்.

அந்தத் தெருக்கோடியில் ஒரு சின்ன அம்மன் கோவில். அதன் தேருக்கு அச்சு முறிந்து நாலு வருஷமாக ஓடவில்லை. அம்மனைத் தோளில் சுமந்துதான் ஊர்வலம் போயிருக்கிறார்கள். அந்த வருஷம் அச்சைப் புதுப்பித்து, தேரை மறுபடி இழுத்தார்கள். நான் அந்தத் தேரைப் பார்த்ததே இல்லை. வேடிக்கை பார்க்க நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

காலை பதினொரு மணி இருக்கும். மேளம் முழங்க, தேர் ஆடி அசைந்து வந்தது. கடைக்குக் கிட்டே வந்ததும் சக்கரங்கள் நின்றன. சில்லுக்குக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர் குனிந்து பார்த்தார். வருஷமெல்லாம் டவுனின் மறுகோடியில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிற மனுஷன் அவர்; தேரன்றுதான் இந்தத் தெருப் பக்கம் வருவார். எழுந்து, என் அருமையான சிமெந்துத் திட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இந்த எடத்துல எடது சில்லு உள்ள ஏறித்தாங்க திரும்பணும். தேருக்குன்னுதானே மூலைய வெட்டி விட்டிருந்தாங்க. இப்ப சில்லு எங்க போகும்?”

பிறந்ததிலிருந்து அந்தத் தேரைப் பார்த்த முதலாளிக்கே இது தோன்றவில்லை. தேர் வந்தால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்களே தவிர, சில்லை யார் பார்க்கிறார்கள்?

“பின்னால இழுங்களேன்,” என்றார் ஒருவர்.

“முன்ன வச்ச சில்ல பின்ன வைக்கிறதா? நல்லாத்தான் இருக்கு!” என்று நாலு பேர் சீறினார்கள். புறப்பட்ட தேர் பின்வாங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

மேளம் நின்றது. வெயில் ஏறியது. கூட்டத்தின் பேச்சும் ஏறியது. “தேர் வர்ற தெருன்னு தெரிஞ்சே மறிச்சுக் கட்டியிருக்காங்கடா!” என்று ஒரு குரல். அடுத்த குரல் முதலாளியின் மதத்தை இழுத்தது. அதுவரை ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்த தெரு, ஒரு நிமிஷத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு கல் பறந்தால் போதும்.

முதலாளி கடை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பத்தடி தூரத்தில் நின்ற என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார்: “கடைய கட்டினது நான். தப்பு என்னோடதுதான்.”

உண்மையைச் சொல்கிறேன், பின்னாலிருந்த சந்து வழியாக நழுவிவிடத்தான் முதலில் பார்த்தேன். அவர் அப்படிச் சொன்ன பிறகு கால் நகரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தத் திட்டின்மேலேயே ஏறி நின்றேன்.

“முதலாளி மேல தப்பு இல்லீங்க. படம் போட்டது நான். மூலைய நிமித்தினதும் நான்தான். ஏன் வெட்டியிருக்குன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல.”

அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. எந்த ஊர்க்காரன், எவனிடம் படித்தவன் என்று என் பரம்பரையையே இழுத்தார்கள். ஆனால் கோபமெல்லாம் என் ஒருவன்மேல் வந்துவிட்டதால் தெரு மறுபடி ஒன்றாகிவிட்டது. கடைசியில் முதலாளிதான் கையை உயர்த்தினார்.

“ஏசினது போதும். சேலை எல்லாத்தையும் உள்ள எடுங்க, கண்ணாடிய கழட்டுங்க. தொரை, ஒங்க கையாலயே ஒடைங்க!”

கூட்டம் சிரித்துவிட்டது. எங்கிருந்தோ மேசன் பாஸ் அலவாங்கோடு வந்து சேர்ந்தார். “இப்ப கேளுங்க மாத்தயா,” என்று சொல்லி அந்தக் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். பாண் போடுகிறவர் ஒரு கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு இழுத்தார். இரண்டு வாரம் அளவுகோலோடு உட்கார்ந்து நான் தப்பாகப் போட்ட மூலையை, அவர் ஒரே இழுப்பில் சரியாகப் போட்டார்.

இரண்டு மணி நேரம் உடைத்தோம். நான், பாஸ், முதலாளியின் தம்பி, கொஞ்ச நேரம் முன்னால் என்னை ஏசியவர்களில் மூன்று பேர். முதலாளி வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சர்பத் வந்தது. சும்மா நிற்பானேன் என்று நாதஸ்வரக்காரர், யார் எதைக் கேட்டாலும் வாசித்தார். தேர் நகராத அந்த இரண்டு மணி நேரம்தான் திருவிழாவிலேயே நன்றாக இருந்தது என்று பிறகு பல பேர் சொன்னார்கள்.

கட்டை கொடுத்தார்கள். இடது சில்லு வெட்டிய மூலைக்குள் ஏறி, முனகிக்கொண்டு திரும்பியது. அரோகரா சத்தத்தில் காது அடைத்தது. யாரோ என்னைப் பிடித்து வடத்தில் தள்ளினார்கள். கை கொப்புளத்தோடு, ஜெபமாலை கழுத்தில் ஆட, நானும் இழுத்தேன். இழுக்கும்போது அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்களுக்குப் படம் போட்டேன், நன்றாகவே போட்டேன். கட்டப்போகிற தெருவில் யார் எப்போது எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பத்துப் பேரிடம் கேட்காமல் பென்சிலைத் தொட்டதில்லை. வேறு ஊர்களில் பெரிய வேலைகளுக்கும் கூப்பிட்டார்கள், போகவில்லை. அன்று வாசலில் நின்ற அந்த மனிதர் என்னை நோக்கி ஒரு விரலை நீட்டியிருந்தாலே போதும், அடுத்த பஸ்ஸில் தோட்டத்துக்கே ஓடியிருப்பேன். நீட்டாத அந்த விரல்தான் என்னை மாத்தளைக்காரனாக்கியது.