அரியலூரில் தீ, பெரம்பலூரில் யூசுப் பாய்

யூசுப் பாய் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை... அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை.

கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரு என்கிறான் மகன். அதுவரை இதையாவது எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. அரியலூரில் ஒரு லாரி சர்வீஸில் நான் டைப்பிஸ்ட். அதே கம்பெனியின் பெரம்பலூர் கிளையில் யூசுப் பாய் புக்கிங் கிளார்க். எங்கள் பழக்கம் முக்கால்வாசி போனில்தான்.

எங்கள் ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. யார் அனுப்பிய சரக்கு, எந்த லாரியில், எந்த ஊருக்கு... எல்லாக் கிளைகளின் வேலையும் அந்த ஒரு மெஷினுக்குள் போனது.

முதலாளி அதற்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார். அன்றைக்கே பாய் டிரங்க் கால் போட்டு என்னிடம் கேட்டார்.

"அது எரிஞ்சு போச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

முதலாளிக்கு இது காதில் விழுந்து, நல்ல நாளில் பேசுகிற பேச்சா என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தார்.

பாய் விடவில்லை. தினமும் எல்லாவற்றையும் பிளாப்பியில் காப்பி எடுத்து, சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து பெரம்பலூருக்கு அனுப்பச் சொன்னார். ஒரே ஊரில் இரண்டு காப்பி இருந்தால் அது காப்பியே இல்லை என்பார்.

இங்கே பஸ் கிளம்பும் முன்பே அவர் அங்கே ஸ்டாண்டில் போய் நிற்பார். கொஞ்சம் லேட்டானால் எனக்கு போன். ஏற்றிவிட்டேன், போய் உட்காருங்கள் பாய் என்றால், உட்கார முடியவில்லை என்பார்... சில நாள் எரிச்சலாக வரும் எனக்கு.

காப்பி இருந்தால் போதுமா, அதைப் போட்டுப் பார்க்க மெஷின் வேண்டாமா? பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஒரு இன்ஸ்டிடியூட் இருந்தது. அவசரம் என்றால் எங்களை அங்கே உட்கார விடவேண்டும் என்று அதன் ஓனரிடம் அவரே பேசி வைத்தார்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், சேர்த்துவைத்த பிளாப்பிகளை அங்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"எல்லாம் செத்த பிளாப்பிம்மா" என்றார் போனில். எனக்கு ஆத்திரம்... நான் காப்பி எடுத்து, இங்கே திறந்து பார்த்துத்தான் அனுப்பினேன். இருவரும் கொஞ்ச நாள் சரியாகப் பேசவில்லை.

பிறகு அவரே அரியலூர் வந்து, பிளாப்பியை வழக்கம்போல் கண்டக்டரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போனார். பொட்டலம் தினமும் டிரைவர் பக்கத்தில், என்ஜின் பானெட் மேல் பயணம் செய்திருக்கிறது. அந்தச் சூட்டில் எது பிழைக்கும்?

அதற்குப் பிறகு பிளாப்பி கண்டக்டர் சீட்டிலேயே போனது. போய்ச் சேர்ந்ததும் அங்கே போட்டுத் திறந்து பார்ப்பது பாயின் வேலை.

தீப்பிடித்தது ஒரு சித்திரை மாத மதியம்.

ஆபீஸுக்குப் பின்னாலேயே குடோன், முழுக்கப் பஞ்சுப் பேல். வயரில் ஏதோ பொறி என்றார்கள். நாங்கள் ரோட்டுக்கு ஓடிவந்து திரும்பினால், கம்ப்யூட்டர் ரூம் கூரை சரிந்துகொண்டிருந்தது.

எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடி, பெரம்பலூருக்கு, காசு அதிகமானாலும் உடனே கிடைக்கும் என்று, லைட்னிங் கால் கேட்டேன். லைன் கிடைத்ததும், மெஷின் போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று அழுதேன்.

அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஆளுங்க எல்லாம் வெளில வந்துட்டாங்களா? ஒவ்வொருத்தர் பேரா சொல்லும்மா."

ரோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். லோடுமேன் மாயவன் பெயர் வந்ததும் நின்றுவிட்டேன்... அவரைக் காணோம். சாப்பிட்டதும் பஞ்சுப் பேல் மேல்தான் படுத்துத் தூங்குவார்.

அவர் மனைவி செல்லம் அதற்குள் வந்துவிட்டாள். குடோனுக்குள் ஓடப் பார்த்தவளை இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"லைனை வச்சுடாதம்மா" என்றார் பாய். காலடிச் சத்தம். எங்களிடமிருந்து மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு கிளம்பிய லாரி அப்போதுதான் அங்கே வந்து நின்றிருக்கிறது, அதைப் பார்க்க ஓடியிருக்கிறார்.

பேசி முடித்தாயிற்றா என்று ஆபரேட்டர் நடுவில் கேட்டாள். தயவுசெய்து கட் பண்ணாதீங்க என்று கெஞ்சினேன்.

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்.

"விமலாக்கா... நான் மாயவன்."

இறக்குவதற்கு ஆள் குறைகிறது என்று டிரைவர் கூப்பிட, கடைசி நிமிஷத்தில் யாரிடமும் சொல்லாமல் ஏறிப் போயிருக்கிறார்.

செல்லத்தை இழுத்துவந்து ரிசீவரைக் கொடுத்தேன். அதற்குமுன் அவள் போன் பிடித்ததில்லை, தலைகீழாகப் பிடித்தாள். நான்தான் திருப்பி வைத்தேன்.

ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "சோறு தின்னீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நான் பெரம்பலூர் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்தேன். முந்தின நாள்வரை எல்லாம் திரும்பி வந்தது. தீப்பிடித்த அன்றைய புக்கிங் மட்டும் இல்லை... வந்து சேர்ந்த டிரைவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, என்ன ஏற்றினீர்கள் என்று பாய் கேட்டுச் சொல்ல, நான் அடித்தேன்.

புது மெஷின் வரும்வரை அங்கேதான் வேலை. லாரி எதுவும் நிற்கவில்லை.

பாய்க்கு மட்டும் அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட நடுவில் எழுந்துபோய் குடோனை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அவருடைய பிரியாணி எத்தனை தடவை ஆறிப்போயிருக்கிறது...

மகன் இன்னும் வரவில்லை. இனிமேல் காத்திருக்க முடியாது, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறேன்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் குரும்பலூரில் தன் மகள் வீட்டில் இருக்கிற மாயவன் எனக்கு முன்பே பாய் வீட்டுக்கு வந்துவிட்டாராம். செல்லமும் கூட வந்திருக்கிறாளாம்.

சலாம் பாய்.

வந்துட்டே இருக்கேன்...