ஹம் நடைமேடையில் அபாயச் சங்கு

ஜெர்மனியின் ஹம் நிலையத்துக்குத் தாமதமாக வந்த பேர்லின் செல்லும் ரயில் கதவைத் திறந்ததும், ஊர் முழுக்க அபாயச் சங்கு ஏறி இறங்கி அலறுகிறது. எனக்கு முன்னால் ஏற வேண்டிய சீன முதியவர் மகளின் கையை உதறிவிட்டு, பெஞ்சோரம் குந்தித் தலையை மூடிக்கொள்கிறார்.

"சும்மா சங்குச் சோதனைதான் அப்பா!" மகள் ஜெர்மனிலும் சீனத்திலும் கத்துகிறாள். அவர் அவளையும் கீழே இழுக்கிறார். நடத்துநர் விசில் ஊதுகிறார்.

"என்னதான் ஆச்சு இவருக்கு?" எரிச்சலோடு கேட்கிறேன்.

என்னை வழியனுப்ப வந்த சுபா இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணப் பெண். மகளிடம் ஜெர்மனில் விசாரித்துவிட்டுச் சொல்கிறாள்: "சின்னனா இருக்கேக்க ஜப்பான்காரன்ர பிளேன் அவற்ற ஊரில குண்டு போட்டதாம், அக்கா. இப்ப மறதி வருத்தம், எல்லாம் மறந்துபோச்சாம். அது மட்டும் மறக்கேல்லையாம்."

"அந்தச் சண்டை எப்பவோ முடிஞ்சிடுச்சே!"

"அவருக்கு முடியேல்லை. பிடியுங்கோ, தூக்குவம்."

மூவரும் சேர்ந்து தூக்கியும் அவர் அசையவில்லை. ரயில் போய்விடுகிறது. மகள் களைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். நான் திட்ட வாயெடுக்கிறேன்.

அப்போது சங்கு ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக ஊதுகிறது. ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். முதியவர் தானாக எழுகிறார். மகளின் தலையைத் தடவி, காயம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு சுபாவின் தலையை. அடுத்து என்னிடம் வருகிறார். நான் தலையைக் குனிந்து கொடுக்கிறேன்.