கையின் மேல் கட்டிய பிராது

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு. வறண்டு கிடந்த குழாயில் குடிதண்ணீர். பீங்கான் பட்டறையில் பெண்கள் உட்காரும் பக்கமும் ஒரு மின்விசிறி. வசதியான ஒப்பந்தக்காரரின் மனைவியைத் தோற்கடித்துக் கிடைத்த பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவி. படிப்பில் பின்தங்கிய பள்ளிகளுக்கான சிறப்பு மானியம். அந்த மானியத்தில் வந்து சேர்ந்த ஜெயஸ்ரீ டீச்சர். இத்தனையையும் விருத்தாசலத்தில் ஜெயித்துக் காட்டியவள் அன்புக்கரசி. இரண்டாம் வகுப்போடு நின்றவள். எல்லாவற்றுக்கும் அவள் வைத்தது கைநாட்டு.

அவளுடைய அண்ணன் கொளஞ்சியப்பன் எட்டாவது வரை படித்தவர், ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். யார் ஏறினாலும் தங்கை ஜெயித்ததை வரிசை மாறாமல் சொல்லுவார். "சவாரி முடிஞ்சாலும் ஒன் தங்கச்சி கதை முடியாதுய்யா" என்று மற்ற ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். இந்தப் பிப்ரவரியில் அவர் அந்தக் கதையை நிறுத்திக்கொண்டார்.

பொங்கல் கழிந்ததும், பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று சோதிக்க வெளியாட்கள் வருவதாகத் தகவல் வந்திருந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பட்டறையில்தான் வேலை. மொத்தமாகச் சரக்கெடுக்கும் வியாபாரி வருகிற அன்று கோணிய பொம்மைகளையும் விரிசல் விட்ட கோப்பைகளையும் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூடிவிடுவது அங்கே வழக்கம். யாரும் சொல்ல வேண்டாம். கை தானாகச் செய்யும். அதே மாதிரி, யாரும் கூடிப் பேசாமலேயே, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் சோதனை நாளில் வீட்டில் தங்கிவிட்டார்கள். ஜெயஸ்ரீ டீச்சர் பேர் கெட்டுவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம்தான். அன்புக்கரசியும் தன் மகள் தமிழ்மணியை வீட்டில் உட்கார வைத்தாள். தலைமையாசிரியர் கோதண்டபாணி காலி இடங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளி பிரமாதமாகத் தேறியது. மாதக் கடைசிக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எல்லோரையும் கைதட்டச் சொல்லிவிட்டு மீதியைச் சொன்னார். இனி இது பின்தங்கிய பள்ளி இல்லை, அதனால் மானியமும் இல்லை. ஜெயஸ்ரீ டீச்சர் இந்த வருஷத்தோடு சரி.

தமிழ்மணி மூன்றாம் வகுப்பு. இரண்டு வருஷம் வகுப்பில் வாயே திறக்காதவள், ஜெயஸ்ரீ டீச்சர் வந்தபிறகுதான் ஒருநாள் பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து 'சேத்தியாத்தோப்பு' என்று தானாக வாசித்தாள். டீச்சர் போய்விட்டால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். அன்புக்கரசி வேறெதையும் யோசிக்கவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

வராத பிள்ளைகளின் பேரோடு நடந்ததை எழுதிக் குழுத் தலைவர் கொடுத்தால் மறுபடி வந்து சோதிக்கலாம் என்றார் அங்கிருந்த அலுவலர். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி ஒரு தாளில் வைத்துக் காட்டினாள். வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. இத்தனை நாளும் அதை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகளை ஈரப்பஞ்சால் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷினே அவளை ஏற்பதில்லை. "இது யாரோடதுன்னு நாளைக்குக் கேள்வி வருமேம்மா. பேர எழுதக் கத்துக்கிட்டு வாங்க" என்றார்.

செய்தி பட்டறைக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் காசியம்மாளும் தன் மகள் சிவசங்கரியை அன்று வீட்டில் நிறுத்தியவள். அந்தப் பேரை மட்டும் விட்டுவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள். எழுதி வைத்தால் அழியாது, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் சர்க்காரே மக்கு என்று எழுதியிருக்கிறதே என்பான் என்றாள். அன்புக்கரசி இணங்கவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி காசியம்மாள் கொளஞ்சியப்பனின் ஆட்டோவில் ஏறி, "மணவாளநல்லூரு" என்றாள். உள்ளங்கையில் மடித்த தாள் இருந்தது. அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டினால் மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ சாமி தீர்த்துவைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அந்தச் சாமியின் பேரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். பிராது கட்டப் போகிறவர்களிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. திரும்பும்போது அவளே பேசினாள்.

"யாரு மேல கட்டுனன்னு கேக்கலியாண்ணே?"

"கேக்கறதில்லம்மா."

"எம் பொண்ண மக்குன்னு எழுதுற கை வெளங்காம போவணும்னு கட்டியிருக்கறேன். பேரு போடல. கைய மட்டுந்தான் சொன்னேன்."

அவர் கூலி வாங்கவில்லை. அவள் அதைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கித் தங்கையிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "சாமிக்கும் ஒனக்கும் ஒரே பேருதானண்ணே. நீயே தள்ளுபடி பண்ணி வுட்டுடேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள், பொம்மையின் ஓரம் சீவும் பிளேடு வழுக்கி அவளுடைய வலது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. சின்ன வெட்டுதான். ஊசி போட்டுக் கட்டியும் வீக்கம் மணிக்கட்டு வரை ஏறியது. இரும்பு துருப்பிடித்திருந்தது என்றார் டாக்டர். கொளஞ்சியப்பனுக்குத் துருவின் மேல் சந்தேகம் வரவில்லை. அந்தக் கை போனால் அவளுக்குச் சோறும் போகும். மனுவே வேண்டாம், விட்டுவிடச் சொன்னார். அவள் தன் பேரை எழுதிக் காட்டச் சொன்னாள். அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பட்டறையில் பச்சைப் பொம்மைகளின் அடியில் குச்சியால் கீறுவதும், பஞ்சால் அழிப்பதுமாக இருந்தாள்.

அடுத்த வாரம் சூளையைத் திறந்தபோது அவள் துடைத்த பொம்மைகள் வரிசையாக அடியில் பிளந்திருந்தன. ஈரம் அதிகமாகிவிட்டது என்றார்கள் சிலர். காசியம்மாள் பொம்மைகளைப் பார்க்கவில்லை. அன்புக்கரசியின் கையைப் பார்த்தாள். அதன்பிறகு பட்டறையில் அன்புக்கரசி தொட்டு வைத்த தண்ணீர்ச் சொம்பைக்கூட யாரும் எடுக்கவில்லை.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குழு கூடியது. கொளஞ்சியப்பன் உறுப்பினர் இல்லை. வகுப்பு வாசலில் நின்றார். தங்கை விடாததால் அவர் எழுதிக் கொடுத்த மனு மேசையில் இருந்தது. பிள்ளைகளின் பேர்களில் முதலாவது தமிழ்மணி, கடைசி சிவசங்கரி.

"வந்த பேர நீங்களே கெடுத்துக்காதீங்கம்மா. இது என்னோட வேலைக்கும் வெனை" என்றார் தலைமையாசிரியர், மெதுவாக.

அன்புக்கரசி சுவரோரம் உட்கார்ந்திருந்த காசியம்மாளைப் பார்த்தாள். "ஒம் பொண்ணு பேர அடிச்சிடட்டுமா, சொல்லு. அடிச்சா, அடுத்த தபாவும் அவள வூட்டுலதான் ஒளிச்சி வெக்கணும்."

காசியம்மாள் அந்தக் கட்டுப் போட்ட கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்புக்கரசி பேனாவை எடுத்தாள். வீங்கிய விரல் மடங்காததால் இடதுகையால் வலதுகையைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கொளஞ்சியப்பன் மூச்சைப் பிடித்து நின்றார். கடைசி எழுத்தின் சுழி கோட்டுக்குக் கீழே இழுபட்டது. துணிக்கட்டில் புதிதாக ஒரு சிவப்புப் பொட்டு ஊறி விரிந்தது.

பிராது கட்டி மூன்று வாரம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்கு மேல் மூன்று மாதக் கெடுவும் இருந்தது. கொளஞ்சியப்பன் சுவரில் தொங்கிய காலண்டரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார். அவர் ஸ்டாண்டில் சொல்லும் வரிசையின் கடைசியில் இனி இதையும் சேர்க்க வேண்டும், அந்தக் கை எப்படிப் போனாலும்: அன்புக்கரசி தன் பேரை முதன்முதலாக எழுதிய நாள், 28 பிப்ரவரி 2025.