இரட்டைக்குழலின் நீலம்

ஆயுதபூஜையன்று மனைப்பலகையில் கிடந்த அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மயில் கழுத்து நீலம். அதற்கு ஆசைப்பட்டவன் நான்தான்.

அப்போது ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிட்டாதார் வீட்டில், சிறு ஜமீன் என்றே சொல்லலாம், கணக்கு எழுத்து வேலை பார்த்தேன். அவருடைய துப்பாக்கிக் குழல்களுக்குத் துருப்பிடிக்காதபடி நீலம் ஏற்றியவர் எங்கள் ஊர் ஆசாரி. ஒற்றைக்குழலைக் கரி நெருப்பில் வாட்டி ஒரே பகலில் பளபளக்க வைத்துவிடுவார். இரட்டைக்குழலுக்கு மட்டும் திராவகம் தடவித் துருவேற விடுவார். பிறகு கொதிநீரில் போட்டெடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுநாள் மறுபடி தடவுவார். பத்து நாள் கழித்து வருவது நாவற்பழம்போல் மங்கிய நீலம்.

பூஜைக்கு நான்கு நாள்தான் இருந்தது. இதையும் கரியிலேயே போடச் சொன்னேன்.

"ரெண்டு குழலையும் ஈயம் வச்சு ஒட்டியிருக்குதுங்க சாமி. சூடு பட்டா உட்டுப்போயிருமுங்க. பளபளப்புத்தான் வேணும்னா பாத்தரக்கடைக்குப் போங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சேலத்தில் வேறொரு பட்டறையில் கொடுத்து, கரியில் போட்டு வாங்கி வந்தேன். ஆசாரியின் வேலை என்றே எண்ணி மிட்டாதார் மகிழ்ந்துபோனார். பூஜை முடிந்ததும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பது அந்த வீட்டு வழக்கம். அந்த மரியாதையை அவ்வாண்டு என் மகனுக்குத் தந்தார். அவனுக்குப் பதினெட்டு வயது.

அவன் தோட்டாவைக் கையில் எடுத்தபோது, குழலின் பளபளப்பைக் கண்ட ஆசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, குழலைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, மரச்சுத்தியால் தட்டினார். மணிபோல் ஒலிக்க வேண்டியது, விரிசல் விட்ட பானைபோல் சளசளத்தது. ஈயம் உருகி, ஒட்டு விட்டிருந்தது. வெடித்திருந்தால் குழல் பிய்ந்து அவன் முகத்தில் தெறித்திருக்கலாம். மகனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மிட்டாதார் என்னவென்று கேட்டார். ஆசாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"பழைய ஒட்டுங்க. நாந்தான் முன்னமே பாத்திருக்கோணும். எம்மேல தப்புங்க."

கண் மங்கிப்போன ஆசாரிக்கு இனிப் பட்டறை எதற்கு என்று யாரோ கேலி செய்தார்கள். வாயைத் திறக்க வேண்டியவன் நான். மகனின் தோளைப் பிடித்தபடி சும்மா நின்றேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் பட்டறைக்குப் போனேன். புதிதாக ஈயம் வைக்கக் குழலைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி பயந்துட்டாருங்களா சாமி? சோறு தின்னாருங்களா?"

தின்றான் என்றேன். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே திரும்பினேன்.

ஆசாரி போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவன் சந்தைக்குப் போய்த் திரும்பத் தாமதமானாலும் நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன். ஏனப்பா இந்தப் பயம் என்று சிரிக்கிறான். அன்று அவனைச் சாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியது யார் என்று அவனுக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.